கொன்ச்சில் கம்பத்துக்கு ஆள் வேணும்

என் தம்பி நொல்பெர்தோ செத்துவிட்டான் என்று ஊரே முடிவுகட்டி, அவனுக்காக நவநாள் ஜெபமும் தொடங்கின மறுநாள்தான் பதிவில் அவன் பெயரோடு அந்த முதல் வரி வந்தது. நான் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அர்செனியோ, படகிலிருந்து இறங்கின கோலத்திலேயே, பூட்ஸ் சேறோடு உள்ளே வந்து நின்றான்.

"சுனில்டாக்கா, பதிவைப் பாத்தியா?"

"கிழங்குக் கையோட எதைடா பாக்குறது? முதல்ல பூட்ஸைக் கழட்டு. இப்பதான் தரையைத் துடைச்சேன்."

அவன் கழற்றவில்லை. படகில் வைக்கிற சின்னப் பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் இருந்தது: கொன்ச்சில் கம்பம். ஆள் வேணும். நொல்பெர்தோ.

நான் வாய்க்காரி. பயந்தால் இன்னும் சத்தமாகத்தான் பேசுவேன்.

"பழைய வரிடா, மடையா! புயலுக்கு முன்னாடி அவன் அமுக்கினது. எங்கேயோ சிக்கிக் கிடந்து இப்ப வருது. இதுக்குப் போயி மூஞ்சி வெளுத்துப்போயி ஓடியாரே!"

அப்படித்தான் நானும் நம்பினேன். எங்கள் நெட்டில் வரி தாமதமாக வருவது புதிதில்லை. சிலியின் வரைபடத்தில் எங்கள் கெல்மாய் தீவு ஈ எச்சம் அளவுக்குத்தான் இருக்கும். எந்தக் கம்பெனியும் எங்களுக்காகக் கோபுரம் நட வரவில்லை. ஒரு வீட்டை அப்படியே இடம் மாற்றி இழுக்கவும் கிழங்கு தோண்டவும் மிங்கா என்று ஊரே கூலியில்லாமல் கூடுகிற மாதிரியே இதற்கும் கூடி, சுற்றுத் தீவுக்காரர்கள் எல்லாருமாகக் கம்பம் நட்டு, நெட்டை நாங்களே இழுத்துக்கொண்டோம். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு பெட்டி. இதற்கு ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. எந்த வேலை யார் கையில் என்கிற பதிவு எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பெட்டியில் விழுந்த வரி பக்கத்துப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததுக்கு. சிக்னல் எட்டாத மூலைகளுக்குப் படகுகள்தான் தபால்காரர்கள். போகிற வழியில் இங்குள்ள வரிகளை அங்கே கொடுத்துவிட்டு, அங்குள்ளதை வாங்கிக்கொண்டு வரும்.

புது வேலையைத் தட்டச்சு செய்து பதிவில் ஏற்றுவது நான். மற்றவர்களுக்கு நாலே பொத்தான்: ‘என் கையில்’, ‘ஆள் வேணும்’, ‘வரேன்’, ‘முடிஞ்சது’. மழையில் நனைந்த கையுறையோடு கம்பத்தடியில் நிற்கிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையைப் பெட்டிமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினால் அவன் பெயர் விழும். எந்தக் கம்பத்தடியில் நின்று அமுக்கினான் என்பது மட்டும் விழாது. வேலை எங்கேயோ அங்கேதானே ஆள் இருப்பான் என்று அதைச் சேர்க்காமலே விட்டுவிட்டோம். ‘என் கையில்’ என்று ஒருவன் எடுத்ததை, ‘முடிஞ்சது’ என்று அவனே சொல்லும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. மேலே ஒருவன் இருப்பது தெரியாமல் கீழே ஒருவன் கம்பியை அவிழ்த்து, ஒரு சாவு பார்த்திருக்கிறோம்.

கொன்ச்சில் திட்டில் கம்பம் சாய்ந்தபோது அதை எடுத்துக்கொண்டவன் நொல்பெர்தோ. காலையில் தனியாகப் படகில் போனான். சாயங்காலம் புயல். மறுநாள் ஆண்கள் எல்லாரும் கொன்ச்சிலில் இறங்கி மூலைமூலையாகத் தேடினார்கள். கடற்காக்கைகளைத் தவிர யாரும் இல்லை. அவன் படகின் பலகைகள் தெற்கே வெகுதூரத்தில் கரை ஒதுங்கின. எங்களுக்குப் பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். கோயிலில் ஜெபம் நடத்துகிற பெலார்மினோ ஐயாதான், உடம்பு கிடைக்காது, நவநாளைத் தொடங்கிவிடுவோம் என்றார். கடல் எடுத்தவர்களுக்கு உடம்பில்லாமல் ஜெபிப்பது எங்களுக்குப் பழகிப்போன காரியம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "சுனில்டா, அந்தக் கம்பத்துலேர்ந்து உன் தம்பி பேரை எடுத்துடும்மா. செத்தவன் கையில வேலை இருக்கக்கூடாது. வெளித்தீவுக்காரங்க நெட் இல்லாம தவிக்கிறாங்க."

நான் எடுக்கத்தான் போனேன். நொல்பெர்தோவின் பெண்டாட்டி எதுவினா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. "அவர் சொல்லட்டும்க்கா, முடிஞ்சதுன்னு" என்றாள். அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

அந்த வரி அதோடு நிற்கவில்லை. வெயில் கொஞ்சம் தலைகாட்டின நாட்களில் எல்லாம் வந்தது. லோபோஸ் பாறைப் பக்கத்து நீரிணை வழியாக வருகிற படகுகளில்தான் பெட்டி கீச்சென்றது. ஒவ்வொரு முறையும் அதே வரி: கொன்ச்சில் கம்பம், ஆள் வேணும். கொன்ச்சிலிலோ யாரும் இல்லை என்பதை ஊரே கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அப்புறம் கேட்கவேண்டுமா? மூழ்கினவர்களை ஏற்றிக்கொண்டு போகும் கலெயுச்சே கப்பல் லோபோஸில் நங்கூரம் போட்டிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கப்பலில் ஓர் ஆள் குறைகிறதாம், அதற்குத்தான் கூப்பிடுகிறானாம் என்று இன்னொருத்தி சொன்னாள். வேகாத அரிசி மாதிரி ஆளாளுக்கு ஒன்றைத் துப்பினார்கள்.

"லோபோஸ்ல பழைய கம்பம் ஒண்ணு கவனிப்பாரில்லாம கெடக்கு. அதுல பெட்டியும் இருக்கு. வெயிலடிச்சா சோலார் தகடு உயிர் குடுக்குது, பெட்டி பழசைக் கக்குது. அவ்வளவுதான்டா சங்கதி!" என்று கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? படகுக்காரர்கள் எல்லாரும் கிழக்கே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். லோபோஸ் வழியை ஒருவனும் எட்டிப்பார்க்கவில்லை. வரி வருவது நின்றது. பார்த்தீர்களா, ஜெபத்துக்குப் பலன் என்றார் பெலார்மினோ.

எதுவினா மட்டும் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "பழசோ புதுசோ, ஆள் வேணும்னு கூப்பிட்டா யாராவது போகணும்லக்கா?"

"எங்கேடி போறது? கொன்ச்சிலுக்குப் போயாச்சு. கடலுக்கடியிலயா போறது? உன் புருஷன் என் தம்பிடி. எனக்கு மட்டும் ஆசையில்லையா? பைத்தியம் பிடிச்சுடும், விட்டுடு." சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நவநாளின் கடைசி விருந்துக்கு நான் பதிவில் அழைப்புப் போட்டேன். ஆடு அறுக்க, மில்காவ் கிழங்கு ரொட்டி சுட, ஆப்பிள் சாராயம் சுமக்க ஆள் வேணும். ‘வரேன்’, ‘வரேன்’ என்று பெயர்கள் விழுந்தன. மறுநாள் காலை அரசாங்க மருத்துவப் படகு வந்து, குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வெளித்தீவுகளுக்குப் போனது. எங்கள் பெட்டி ஒன்று அதிலும் உண்டு. அதன் ஓட்டுநர் வெளியூர்க்காரர். அவருக்கு எங்கள் கப்பலும் தெரியாது, பேயும் தெரியாது. லோபோஸ் வழியாகவே போனார், லோபோஸ் வழியாகவே திரும்பினார்.

அன்று மாலை ஜெபம் பாதியில் இருந்தது. கோயிலில் அத்தனை பேர் பையிலிருந்த போனும் ஒரே நேரத்தில் கீச்சென்றது. விருந்து அழைப்பின் அடியில் கடைசியாக ஒரு பெயர் விழுந்திருந்தது. வரேன். நொல்பெர்தோ.

பெலார்மினோ ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டார். ஒருத்தி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள். நானோ சிரித்துவிட்டேன். கடவுளே, கோயிலுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். தன் சாவுச் சோற்றுக்குத் தானே வருகிறேன் என்று சொல்கிற திமிர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் உண்டு. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த அழைப்பை நான் போட்டதே முந்தின நாள். புயலுக்கு முன்னால் அமுக்கின விரல் அதற்கு எப்படிப் பதில் சொல்லும்?

"பழசு இல்ல!" என்று கத்தினேன். "அடப்பாவிகளா, பழசு இல்ல! அவன் உயிரோட இருக்கான். லோபோஸ்ல இருக்கான்!"

"அதான்மா பயமே" என்றார் பெலார்மினோ. "உயிரோட இருக்கிற எவனாவது தன் கருமாதிக்கு வரேம்பானா?"

"என் தம்பி சொல்லுவான்யா! அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஒருவரும் அசையவில்லை. ஆளாளுக்குப் போனைத் தட்ட, என் கண்ணெதிரிலேயே விருந்து அழைப்பிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. நான் அர்செனியோவின் சட்டையைப் பிடித்தேன்.

"படகை எடு."

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"அவனுக்கு ஒரு அக்காவும் பொண்டாட்டியும் இருக்காங்க. சாவியைக் குடு, நாயே. நீ வரவேண்டாம்."

சாவியைக் கொடுத்தான். வரவில்லை. பொழுது சாயுமுன் நானும் எதுவினாவும் லோபோஸுக்குப் போய்ச்சேர்ந்தோம். பாறை முழுக்க கடற்சிங்கங்கள் குரைத்தன. பழைய கம்பத்தடியில் ஒரு பள்ளம், அதன்மேல் கிழிந்த பாய்த்துணி, சுற்றிலும் தின்று போட்ட சிப்பி ஓடுகள். துணியை நான் விலக்கினேன். தாடியும் உப்புமாக ஒரு முகம். வலது கால் கீழே கோணிக் கிடந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ஆடு அறுத்தாச்சா?" என்றான்.

கொன்ச்சில் கம்பத்துக்குக் கம்பி போதாதென்று, முதலில் லோபோஸில் கிடக்கும் பழைய கம்பியைக் கழற்ற வந்திருக்கிறான். புயல் படகைக் கொண்டுபோனது, வழுக்கி விழுந்ததில் கால் ஒடிந்தது. போன் கடலில். அவன் கையில் இருந்தது கொன்ச்சில் வேலை மட்டும்தான், அதனால் அவன் பெட்டியில் கேட்கமுடிந்ததும் கொன்ச்சிலுக்கு ஆள்தான். "எத்தனை தடவை அமுக்குனேன் தெரியுமாக்கா? படகு போகும், கையை ஆட்டுவேன், கத்துவேன். இந்தச் சனியனுங்க குரைக்கிற சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? அப்புறம் படகே வரல. என்னடா, ஊர்ல எல்லாரும் செத்துட்டானுங்களான்னு நெனச்சேன்." எதுவினா அவன் மார்மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தாள்.

எங்கள் துறையில் படகு வந்தால், பகையாளி படகானாலும் கயிற்றைப் பிடிக்க ஒரு கை நீளும். அன்று எல்லாரும் துறையில் நின்றார்கள், ஒருவனும் கயிற்றைப் பிடிக்கவில்லை. நான் வீசின கயிறு பலகையில் விழுந்து, தண்ணீரில் வழுக்கிப் போனது. நானே குதித்துக் கட்டினேன். பெலார்மினோ தூரத்தில் நின்று மந்திரித்த நீரைத் தெளித்தார். மருத்துவப் படகுதான் அவனை காஸ்த்ரோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. போகும்போதுகூட, "கூட்டம் நல்லாத்தான் இருக்கு, கல்யாணத்துக்கே இவ்வளவு பேர் வரல" என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை.

மாவுக்கட்டோடு அவன் திரும்பி வந்தபோது குளிர்காலம் தொடங்கியிருந்தது. திட்டினார்களா, விரட்டினார்களா என்றால் இல்லை. கண்டால் தலையாட்டுவார்கள், கால் எப்படி இருக்கிறது என்பார்கள். ஆனால் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடிக்கும்போது, ஒரே குழலோடு கையிலிருந்து கைக்குப் போகும் குடுக்கை அவன் முறை வரும்போது மட்டும் அவனைத் தாண்டிப்போகும். அவனுக்குத் தனிக் கோப்பை. கப்பலிலிருந்து திரும்புகிறவன் பார்க்க அதே மாதிரிதான் இருப்பான், ஆனால் அவன் இல்லை என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். நான் கேட்டு வெடித்தேன், இரண்டு வீட்டுக் கதவை உதைத்தும் வந்தேன். பயம் மட்டும் இல்லை அது என்று எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அவன் உயிரோடு வந்தவன் என்றால், உயிரோடு ஒருவனைப் பாறையில் போட்டுவிட்டு ஜெபம் சொன்னவர்கள் இவர்கள். அவன் பேயாகவே இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

படகு இல்லாமல் அவனுக்குப் பிழைப்பில்லை. புதுப் படகு கட்ட மிங்கா கூப்பிட்டான். அழைப்பை நான் ஏற்றினேன், ‘ஆள் வேணும்’ பொத்தானை அவனே நொண்டிக்கொண்டு போய் அமுக்கினான். வீட்டுக்கு வீடு கீச்சென்றது எனக்குக் கேட்டது. அடியில் விழுந்த பெயர்கள் இரண்டு: என்னுடையதும் எதுவினாவுடையதும். அந்த நாளில் எதுவினா இருபது பேருக்குச் சமைத்தாள். நான் எவ்வளவோ சொல்லியும் குறைக்கமாட்டேன் என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து தின்றோம். மிச்சத்தைப் பன்றிக்குப் போட்டோம்.

அவன் அசரவில்லை, அல்லது அசராத மாதிரி இருந்தான். "நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. சரி, அவங்க கூப்பிட்டா நான் போறேன். எத்தனை நாளைக்கு ஓடுவாங்க?" என்றான். அடுத்த வாரம் அர்செனியோ தன் கொட்டகைக்குக் கூரை வேய ஆள் கேட்டிருந்தான். ஏழெட்டுப் பேர் ‘வரேன்’ போட்டிருந்தார்கள். நொல்பெர்தோவும் போட்டான்.

கூரை வேய்கிற நாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒற்றைச் சுத்தியல். கொட்டகைப் பக்கம் போனேன். முற்றத்தில் கூரைக்கான மரச்சில்லுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஏணிகள், ஆணி டப்பாக்கள், யாரோ கழற்றி வைத்த கையுறைகள். ஆள் ஒருவரும் இல்லை. கூரைமேல் என் தம்பி மட்டும், கோணல் காலை நீட்டிக்கொண்டு, சில்லுக்குமேல் சில்லு வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். அர்செனியோ வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.

"அர்செனியோ! வெளிய வாடா, வெக்கங்கெட்டவனே! உன் கூரையைத்தானே வேயுறான்!" திரை அசைவு நின்றது. கதவு திறக்கவில்லை.

"விடுக்கா" என்றான் மேலிருந்து.

நான் ஏணியில் ஏறினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, மூச்சு வாங்க வாங்க ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எலும்பில் இறங்குகிற குளிர். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"அக்கா, நீதானே பதிவைப் பாத்துக்கிற. ஒரு சந்தேகம். எல்லாப் பெட்டியிலயும் ஒரே மாதிரி இருக்கு, ஒரே ஒரு பெட்டியில மட்டும் வேற மாதிரி இருக்குன்னு வையி. எதைத் தப்புன்னு எடுத்துக்குவ?"

"அந்த ஒரு பெட்டியை" என்றேன். சொன்ன பிறகுதான் அவன் எங்கே வருகிறான் என்று உறைத்தது. "ஏய், என்னடா பேசுற நீ?"

"அந்தக் கடைசி நாலஞ்சு நாள் எனக்கு சரியா ஞாபகமில்லக்கா. குளிர் விட்டுப்போச்சு, பசி விட்டுப்போச்சு. அப்புறம் உன் மூஞ்சி. ஊர்ல அத்தனை பேரும் ஒண்ணு சொல்றாங்க. நான் ஒருத்தன்தான் வேற சொல்றேன்." அவன் என்னைப் பார்த்தான். சிரிப்பு துளியும் இல்லை. "நீ என்கிட்ட பொய் சொன்னதில்ல. நீங்க ரெண்டு பேரும் என்னைத் தூக்கினப்போ, நான் உயிரோடதானே இருந்தேன்?"

ஒரு அறை விடவேண்டும் என்றுதான் கை எழுந்தது. தரித்திரம் பிடித்தவனே, ஆட்டுக்கறி கேட்டவன்தானேடா நீ என்று திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். என் மூச்சு அந்தக் குளிரில் வெள்ளையாகப் புகைந்து முன்னால் போனது. அவன் வாயை மூடிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான். கண் என் பேச்சைக் கேட்காமல் அவன் மூக்கடிக்குப் போனது. அங்கேயும் புகைகிறதா என்று பார்த்தது.

ஒரு நொடிதான். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.